எல்லாம் அண்ணன் நம்பருக்குத்தான்

அத்தியாயம் பதினொன்று

பாப்பா புருஷன் வீட்டிலிருந்து ஒற்றைப் பெட்டியோடு வந்து இறங்கியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். முப்பத்து நான்கு வயதாகியும் இந்த வீட்டில் அவள் பாப்பாதான். இரண்டு அண்ணன்மாருக்குப் பின்னால் பிறந்த குற்றத்துக்கு அந்தப் பெயர் ஆயுள் தண்டனை. வந்த அன்று வீடே அவளைத் தாங்கு தாங்கென்று தாங்கியது. மறுநாள், "என்னதான் நடந்தது?" என்று கேட்டது. இப்போது, "எப்போ திரும்பிப் போறே?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டது.

மாப்பிள்ளை மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் காத்திருந்து, மகளைத் தன்னோடு அழைத்துக்கொண்டு போய்விட்டார். ஆறு வயதுப் பிள்ளை. சேட்டை தாங்காமல் எல்லோரும் 'வாலு' என்றே கூப்பிடுவார்கள்.

இன்று காலை அந்த வாலுதான் போனில் முகம் காட்டி வெடியைக் கொளுத்திப் போட்டாள்.

"அம்மா, நாளைக்கு ராத்திரி நாங்க பிளேன்ல போறோம்! அப்பா எனக்குப் புதுப் பெட்டி வாங்கியிருக்காங்க. அங்க ஸ்கூல்ல யூனிஃபார்மே கிடையாதாம்."

பாப்பா சிரித்த முகத்தை மாற்றிக்கொள்ளாமல் கேட்டாள். "எப்போடா செல்லம் திரும்பி வருவீங்க?"

"தெரியலையே. நீ எப்போ வருவே?"

அதோடு திரை இருண்டது. அந்தப் பக்கம் யாரோ போனைப் பிடுங்கியிருக்க வேண்டும். பாப்பா இருண்ட திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழக்கூட இல்லை. அதுதான் பார்க்கப் பொறுக்கவில்லை.

வக்கீலம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். வக்கீலம்மா என்பவள் இந்த வீட்டின் சின்ன மருமகள். சட்டம் படித்தவள், கோர்ட்டுக்குப் போகிறவள். ஆனாலும் வீட்டில் அந்தப் பட்டம் பாதி மரியாதை, பாதி கிண்டல்.

"அத்தான், கேட்டீங்களா? நாளைக்குப் பிள்ளையை நாட்டை விட்டே கூட்டிட்டுப் போறாராம்" என்றாள்.

அத்தான் என்றது வீட்டின் பெரியவரை. கணவனுடைய அண்ணன். அவள் வேலை பார்க்கும் சட்ட அலுவலகத்துக்கும் அவர்தான் தலைவர். வீட்டில் அத்தான், அலுவலகத்தில் சார். ஒரே ஆளை இரண்டு விதமாகக் கூப்பிட்டு இரண்டு இடத்திலும் அடங்கிப் போக வேண்டிய பிழைப்பு.

பெரியவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடி சொன்னார். "நான் மாப்பிள்ளைகிட்டப் பேசிக்கிறேன்."

"நாலு நாளா அதையேதான் சொல்றீங்க. இன்னைக்கு மூணு மணிக்குள்ள ஆன்லைன்ல மனு ஏறிட்டா, நாளைக் காலைல அவசரப் பட்டியல்ல வந்துடும். பிள்ளையை வெளிநாட்டுக்குக் கூட்டிட்டுப் போகக்கூடாதுன்னு ஜட்ஜ் ஒரு வரி சொன்னா போதும், ஏர்போர்ட்லயே நிறுத்திடலாம்."

"என் ஆபீஸ்லேர்ந்து என் தங்கச்சி பேர்ல கேஸா? அந்தப் பேச்சே வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

"முன்னெல்லாம் வழக்குப் பட்டியலை போர்டுல ஒட்டுவாங்க. போய்ப் பாக்கிறவனுக்குத்தான் தெரியும். இப்ப எல்லா வக்கீல் செல்லுக்கும் டிங்குன்னு போகுது. நாளைக்குக் காலைல நம்ம வீட்டு மானம் ஒவ்வொருத்தன் பாக்கெட்லயும் மணியடிக்கும். கோர்ட் பக்கம் போக மாட்டோம்னு மாப்பிள்ளைக்கு நான் வாக்கு குடுத்திருக்கேன்."

"அவர் உங்களுக்கு என்ன வாக்கு குடுத்தாரு?"

பெரியவர் கார் சாவியை எடுத்துக்கொண்டு போனார். பிடி கொடுக்காமல் நழுவுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. முப்பது வருஷம் வக்கீலாக இருந்தவர் அல்லவா?

பாப்பா மெல்லக் கேட்டாள். "அண்ணி, அண்ணா சரின்னு சொல்லாம ஒண்ணும் நடக்காதா?"

"நீ கண்ணாடிக் கடை வேலைக்குக் கிளம்பு. போனைக் கையிலேயே வெச்சுக்கோ" என்றாள் வக்கீலம்மா. "இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்."

மருந்துக்கடை மாடியில் இருக்கிறது அந்த அலுவலகம். அதைப்பற்றிக் குறை சொன்னால் வாய் அழுகிவிடும். கோர்ட் ஆன்லைனுக்கு மாறிய புதிதில் மற்ற வக்கீல்களெல்லாம் ஒப்பாரி வைத்தார்கள். பெரியவர்தான் துணிந்து முதலில் இறங்கினார். வேகமான ஸ்கேனர், பழைய தீர்ப்புகளைக் கண் சிமிட்டுவதற்குள் தேடிக் கொடுக்கும் மென்பொருள், கட்சிக்காரர்களுக்கு அடுத்த தேதியைத் தானாகவே அனுப்பும் ஏற்பாடு என்று எல்லாம் கொண்டுவந்தார். வக்கீல் சங்கம் அவருக்குக் கேடயம் கொடுத்தது. 'காகிதமில்லாத முதல் அலுவலகம்' என்று அதில் பொறித்திருக்கும். அந்தக் கேடயத்துக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளாத கட்சிக்காரர் கிடையாது.

ஆனால் ஒன்று. கோர்ட்டின் இணையதளத்தில் ஒவ்வொரு வக்கீலும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். பெரியவர், அவர் தம்பி சின்னவர், வக்கீலம்மா என்று மூன்று பேருக்கும் பதிவு செய்தவர் சின்னவர்தான். செல்போன் எண் என்று கேட்ட இடத்தில், கொஞ்சமும் யோசிக்காமல், மூன்றிலும் அண்ணன் நம்பரையே போட்டார்.

"என்னங்க, எனக்கு என் நம்பர் போடலையா?" என்று அன்றைக்கே கேட்டாள் வக்கீலம்மா.

"அண்ணன் நம்பர் போட்டா என்ன? எல்லாம் ஒண்ணுதானே" என்றார் அவள் கணவர்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அந்த வீட்டில் கேஸ் சிலிண்டர், கரண்ட் பில், கார் இன்சூரன்ஸ் எல்லாமே அண்ணன் நம்பருக்குத்தான். வக்கீலம்மா ஆசைப்பட்டு ஒரு செருப்பு வாங்கினால்கூட, டெலிவரி ஆள் பெரியவருக்குத்தான் போன் செய்து வழி கேட்பான்.

அதனால் ஒரு வருஷமாக இதுதான் நடைமுறை. வக்கீலம்மா மனுவைத் தயார் செய்வாள், பொத்தானை அழுத்துவாள், "சார், ஓடிபி!" என்று குரல் கொடுப்பாள். அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, ஒவ்வொரு இலக்கமாக வாசிப்பார். ஒருமுறை அவர் பல் டாக்டரிடம் வாயைத் திறந்து படுத்திருந்தபோது, அவருடைய வாய் மூடும்வரை ஒரு ஜாமீன் மனு காத்திருந்தது. அன்று எல்லோரும் சிரித்தார்கள். வக்கீலம்மாவும் சிரித்தாள். சிரித்திருக்கக்கூடாது என்று இன்றைக்குத் தோன்றியது.

மனுவை அவள் மதியத்துக்கு முன்பே முடித்துவிட்டாள். திருமணச் சான்று, பிள்ளையின் பிறப்புச் சான்று, பாப்பா காலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த உறுதிமொழி எல்லாம் ஏற்றியாயிற்று. கடைசிப் பொத்தானை அழுத்தினாள்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், பெயிண்ட் கம்பெனி முதலாளியோடு பேசிக்கொண்டிருந்த பெரியவரின் சட்டைப் பையிலிருந்து 'டிங்' என்று ஒரு சத்தம் வந்தது.

வக்கீலம்மா எழுந்து போய்க் கதவருகில் நின்றாள். "சார், ஓடிபி."

பெரியவர் போனை எடுத்தார். பார்த்தார். என்ன மனு என்பது அதிலேயே எழுதியிருக்கும். மறுபடி சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அப்புறம் பாக்கலாம்மா" என்றார், கட்சிக்காரர் முன்னால் தேன் ஒழுகும் குரலில்.

"அப்புறம் பாத்தா செல்லாது சார்."

"செல்லாம போகட்டும்."

பெயிண்ட் கம்பெனி முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வக்கீலம்மா தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து, அந்த முதலாளிக்குப் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். 'மீண்டும் அனுப்பு' என்ற இடத்தை அழுத்தினாள்.

டிங்.

"என்ன பண்றே?" என்றார் பெரியவர்.

"ஓடிபி கேக்கறேன் சார்."

டிங்.

"கட்சிக்காரர் உக்காந்திருக்காரு, தெரியலையா?"

"என் கட்சிக்காரரும் காத்துக்கிட்டுத்தான் இருக்காங்க சார். கண்ணாடிக் கடையில."

டிங். பெரியவரின் காது சிவந்தது. போனை எடுத்து, சத்தத்தை நிறுத்தி, மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். அது சத்தமில்லாமல் மேஜையில் உறுமியது. வக்கீலம்மா விடவில்லை. வம்புக்கு அழுத்துகிறோம் என்று அவளுக்கே தெரியும். ஒரு வருஷத்து வம்பு அது, விரலுக்கு வந்துவிட்டது.

திடீரென்று திரை சிவப்பானது. அதிக முறை முயன்றதால் பூட்டப்பட்டது என்று வந்தது. கூடவே இன்னொரு வரியும் வந்தது. அதை அவளும் எதிர்பார்க்கவில்லை. அந்த செல்போன் எண்ணோடு இணைந்த எல்லாக் கணக்குகளும் நாளை மாலைவரை பூட்டப்பட்டிருக்கும்.

எல்லாக் கணக்குகளும் என்றால் மூன்று பேருடையதும்.

பெரியவர் எட்டிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. பெயிண்ட் கம்பெனியின் பதில் மனுவுக்கு இன்றுதான் கடைசி நாள். அதுவும் அவருடைய கணக்கிலிருந்துதான் போக வேண்டும்.

"உனக்கென்ன பைத்தியமா?" கட்சிக்காரர் இருப்பதையும் மறந்து கத்திவிட்டார். "எல்லாத்தையும் பூட்டிட்டியே!"

"நான் எங்க பூட்டினேன்? ஒரே நம்பர்ல வீட்டையே கட்டி வெச்சது யாரு?" வக்கீலம்மா பெயிண்ட் கம்பெனி முதலாளியைக் கை காட்டினாள். "இவர் மனுவைக் கோர்ட் கவுண்டர்ல கையில குடுங்க. அவங்க ஸ்கேன் பண்ணி ஏத்த ரெண்டு மூணு நாள் ஆகும், ஆனா தேதி போகாது. இவருக்கு அந்த வழி இருக்கு. ஆறு வயசுப் பிள்ளைக்கு அது கிடையாது சார். நாளைக்கு ராத்திரி பிளேன்."

"அதிகம் பேசறே."

"இவ்வளவு நாள் கம்மியாப் பேசிட்டேன் சார்."

அவள் மடிக்கணினியை மூடிப் பையில் போட்டாள். பெயிண்ட் கம்பெனி முதலாளி பாவம், எழுந்து அவளுக்கு வழி விட்டார்.

மாடிப்படியில் சின்னவர் ஓடி வந்து பிடித்தார். அவளுடைய கணவர், பரம சாது. சண்டை என்றால் இரண்டு பக்கமும் தலையாட்டியே களைத்துப் போகிறவர்.

"கொஞ்சம் பொறுத்துப் போயேன். அண்ணன் எப்படியும் பேசி முடிச்சிடுவாரு" என்றார்.

"உங்க தங்கச்சி பிள்ளை நாளைக்குப் போகுது. நீங்க யார் பக்கம்?"

"பக்கம் என்ன பக்கம், எல்லாரும் ஒரே குடும்பம்தானே."

"ஒரே குடும்பம், ஒரே நம்பர். இதைச் சொல்லிச் சொல்லியே என்னை முட்டாளாக்கிட்டீங்க."

படியிலேயே உட்கார்ந்து கோர்ட்டின் உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். எடுத்த பெண் நல்ல மாதிரியாகத்தான் பேசினாள்.

"செல் நம்பரை மாத்திக்கலாம் மேடம். பழைய நம்பருக்கு ஒரு ஓடிபி வரும். அதைப் போட்டீங்கன்னா போதும்."

"பழைய நம்பர்தாங்க பிரச்சினையே."

"அப்போ பழைய நம்பர் வெச்சிருக்கிறவர் சம்மதக் கடிதம் குடுக்கணும் மேடம்."

வக்கீலம்மா சிரித்துவிட்டாள். ஆத்திரத்தில் வந்த சிரிப்பு. போனை வைத்துவிட்டு, மடிக்கணினியில் கோர்ட் தளத்தின் முதல் பக்கத்தைத் திறந்து, அதையே வெறித்துக்கொண்டிருந்தாள். 'வழக்கறிஞர்' என்று ஒரு பெரிய பொத்தான் இருந்தது. ஒரு வருஷமாக அதை மட்டும்தான் அழுத்தியிருக்கிறாள். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொன்று இருந்தது. 'வழக்கறிஞர் இன்றித் தாமே வழக்காடுபவர்.'

ஒரு வக்கீலுக்கு இதைவிட அவமானம் வேண்டுமா? தன் கட்சிக்காரரிடம் போய், 'நான் வேண்டாம், நீயே போட்டுக்கொள்' என்று சொல்ல வேண்டும். அவமானம் கிடக்கட்டும் என்று எழுந்தாள். தெருவில் இறங்கிக் கிடைத்த ஆட்டோவில் ஏறினாள். சின்னவர் படியிலேயே நின்றுகொண்டிருந்தார்.

பாப்பா வேலை பார்ப்பது கடைத்தெருவில் ஒரு கண்ணாடிக் கடையில். வருகிறவர்களுக்குப் பார்வை சோதித்து, பவர் எழுதிக் கொடுக்கும் வேலை. பின்பக்கத்து இருட்டறையில் யாருக்கோ, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஆளை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, விளக்கைப் போட்டாள்.

வக்கீலம்மா மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நானே போடறதா? எனக்குச் சட்டம் ஒரு எழுத்து தெரியாதே அண்ணி."

"எழுத்தெல்லாம் நான் எழுதிட்டேன். நீ உன் பேர்ல, உன் நம்பர்ல போடணும். அவ்வளவுதான். பண்றியா?"

பாப்பா சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் பார்த்தாள். மேலே பெரிய எழுத்து, கீழே வரவரப் பொடி எழுத்து. பிறகு மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

பெயர், வயது, முகவரி எல்லாம் மளமளவென்று போனது. செல்போன் எண் என்ற இடம் வந்தது. பாப்பா பத்து இலக்கத்தையும் ஒரே மூச்சில் தட்டினாள்.

"யார் நம்பர் அது?" என்றாள் வக்கீலம்மா.

பாப்பாவின் விரல் அந்தரத்தில் நின்றது. "ஐயோ அண்ணி, அண்ணா நம்பர். பள்ளிக்கூடத்துலேர்ந்து எல்லாத்துக்கும் இதைத்தான் போட்டிருக்கேன். கை தானாப் போகுது."

"அழி."

அழித்தாள். அப்புறம் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"என்ன?"

"என் நம்பர் எனக்கே மனப்பாடம் இல்லை" என்றாள் பாப்பா. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. நாலு நாளாக வராத அழுகை. மகளைப் பிரிந்ததற்கும் சேர்த்து, தன் நம்பர் தெரியாததற்காக அழுதாள். வக்கீலம்மா மணியைப் பார்த்தாள், இரண்டரையைத் தாண்டியிருந்தது.

"அழுதுக்கிட்டே பாத்துப் போடு. நேரமில்லை."

பாப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனைத் திறந்து, தன் எண்ணைப் பார்த்து, ஒவ்வொன்றாகத் தட்டினாள். மனு ஏறியது. சான்றுகள் ஏறின. கடைசிப் பொத்தானை அழுத்தியதும் அவளுடைய போனிலேயே அந்தச் சத்தம் வந்தது. அதை எடுக்கப் போன நொடியில் போன் முழுக்க வேறொரு படம் எழும்பியது. பெரிய அண்ணா அழைக்கிறார்.

"எடுக்காதே" என்றாள் வக்கீலம்மா.

"எடுக்கலைன்னா விட மாட்டாங்க அண்ணி. எனக்குத் தெரியும்." எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாப்பா, அவ அங்க வந்திருக்காளா? அவ பேச்சைக் கேட்டு எதுலயும் கையெழுத்துப் போட்டுடாதே. நாங்கல்லாம் இருக்கும்போது உனக்கென்ன கவலை? மாப்பிள்ளை ரெண்டு மாசத்துல பிள்ளையைக் கொண்டுவந்து விடறேன்னு சொல்லியிருக்காரு."

"ரெண்டு மாசமா? பிளேன்ல போறது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அண்ணா?"

அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமில்லை. அந்த ஒரு நொடியில் பாப்பாவின் முகத்திலிருந்து ஏதோ ஒன்று கழன்று விழுந்தது. பயமாக இருக்கலாம்.

"உன் நல்லதுக்குத்தான் பாப்பா..."

"ஓடிபி வந்திருக்கு அண்ணா. போனை வைங்க" என்றாள்.

"பாப்பா!"

வைத்தது அவள்தான். பிறந்ததிலிருந்து பெரிய அண்ணன் பேசும்போது அவள் போனை வெட்டியது இதுதான் முதல் தடவை. உடனே மறுபடி அடித்தது. மறுபடி வெட்டினாள். வந்த எண்ணைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினாள்.

திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றியது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். பச்சை எழுத்தில் வந்தது. மனு ஏற்கப்பட்டது. நாளைக் காலை அவசரப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

"ஏறிடுச்சா அண்ணி?"

"ஏறிடுச்சுடி."

பாப்பா அவளைக் கட்டிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது. சின்னவர் நின்றார். தலை கலைந்து, சட்டை நனைந்து, பைக் சாவி கையில்.

"அண்ணன்கிட்டச் சொல்லாம வந்துட்டேன்" என்றார். வேறொருவர் சொன்னால் இது சாதாரண வாக்கியம். அவர் சொன்னதால் வக்கீலம்மாவுக்குக் கண் விரிந்தது.

"உக்காருங்க" என்றாள். உட்கார வேறு இடமில்லை. பார்வை சோதிக்க வருகிறவர்கள் உட்காரும் பெரிய நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏறிடுச்சு சின்னண்ணா! நானே போட்டேன், என் நம்பர்ல" என்றாள் பாப்பா. "நாளைக்குக் கோர்ட்ல அண்ணி எனக்காகப் பேசுவாங்க."

வக்கீலம்மா ரசீதைச் சேமிக்கலாம் என்று பக்கத்தைக் கீழே நகர்த்தினாள். பச்சை எழுத்துக்கு அடியில் இன்னொரு பெட்டி இருந்தது.

எதிர்த்தரப்பில் கேவியட் மனு ஏற்கெனவே பதிவாகியிருந்தது. தன்னைக் கேட்காமல் எந்த உத்தரவும் போடக்கூடாது என்று முன்கூட்டியே போட்டு வைக்கும் மனு அது. மாப்பிள்ளை போட்டிருக்கிறார். நேற்று மாலை. உஷாரான ஆள்தான் என்று நினைத்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போனாள். மாப்பிள்ளையின் வழக்கறிஞர் யார் என்று அதில் இருக்கும்.

வாசித்தாள். மறுபடி வாசித்தாள்.

அவளுடைய பெயர்தான் இருந்தது. அவளுடைய பதிவு எண், அவளுடைய கணக்கு.

"என்ன அண்ணி?" பாப்பா எட்டிப் பார்த்தாள். "இதென்ன, உங்க பேர் அந்தப் பக்கம் இருக்கு?"

அந்தக் கேவியட் அங்கே இருக்கும்வரை, பாப்பாவுக்காக வக்கீலம்மா கோர்ட்டில் எழுந்து நிற்க முடியாது. எதிராளியின் வக்கீல் அவள். அதை விலக்க வேண்டுமென்றால் அவள் கணக்குக்குள் போக வேண்டும். கணக்கு நாளை மாலைவரை பூட்டிக் கிடக்கிறது. காலையில் அவள் மனு என்று சொன்னபோதும் பெரியவர் ஏன் பதறாமல் கிளம்பிப் போனார் என்று இப்போது புரிந்தது.

ஓடிபி அவர் போனுக்கு வரும். சரி. ஆனால் பாஸ்வேர்ட்? அது அவள் தலையில் மட்டும்தான் இருக்கிறது. இல்லை, இன்னொருவருக்கும் தெரியும். பதிவு செய்து கொடுத்தவருக்கு.

மெதுவாகத் திரும்பினாள். சின்னவர் அந்தப் பெரிய நாற்காலியில் சுருங்கிப் போயிருந்தார்.

"நேத்து சாயங்காலம் அண்ணன் கேட்டாரு" என்றார். "ஏதோ பழைய கேஸ் பாக்கணும்னாரு. அண்ணன் கேட்டா எப்படி இல்லைன்னு சொல்றது?"

"இல்லைன்னுதான் சொல்லணும். வேற எப்படிச் சொல்றது?"

"இதுக்குன்னு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

பாப்பா அண்ணனையும் அண்ணியையும் பார்த்தாள். சத்தம் போடுவாள் என்று வக்கீலம்மா நினைத்தாள். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நானே பேசறேன்" என்றாள். "தாமே வழக்காடுபவர்னுதானே போட்டிருக்கு? எனக்குச் சட்டம் தெரியாது. என் பிள்ளையைத் தெரியும். அண்ணி, நீங்க இன்னைக்குப் பூரா எனக்குச் சொல்லிக் குடுங்க."

"சொல்லித் தரேன். நானும் வருவேன்" என்றாள் வக்கீலம்மா. நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வக்கீலா நிக்க விடலைன்னா சாட்சியா நிப்பேன். என் பேரை எவ்வளவு பெரிய மனுஷன் எடுத்து எங்க ஒட்டியிருக்காருன்னு ஜட்ஜ்கிட்டச் சொல்லுவேன். அந்தக் கேடயத்தை எடுத்துட்டுப் போய் அவரு எங்க வேணா மறைச்சுக்கட்டும்."

"கோர்ட்லயா?" என்று பதறினார் சின்னவர். "அண்ணனோட வக்கீல் சனதுக்கே ஆபத்தாயிடும். முப்பது வருஷத் தொழில்..."

"ஜட்ஜ் அடுத்தது கேப்பாரு, என் பாஸ்வேர்டை யார் குடுத்தாங்கன்னு. நான் உங்க பேரைச் சொல்லுவேன். அப்ப உங்களை எழுந்திரிக்கச் சொல்லுவாரு. எழுந்திரிப்பீங்களா?"

சின்னவர் எழுத்துப் பலகையைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ கண்ணாடி வாங்க வந்து பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வக்கீலம்மா முக்காலியை இழுத்துக் கதவுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"அண்ணனைக் கேட்டுட்டுச் சொல்றேன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள்.